வெர்னாவும் அடிப்படைக் கணக்கும்

வெர்னா ஸ்டாகில் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஒஹாயோவில், ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. கையைக் கடிக்க வரும் கிழவரைக்கூடக் கொஞ்சிக் குளிப்பாட்டி முடித்துவிடுவாள். ஆனால் கணக்கு என்றால் மட்டும் அவளுக்குப் பயம்.

நர்ஸாக வேண்டும் என்று ஆசை. சமுதாயக் கல்லூரியில் சேரப் போன அன்று, "உங்க நிலை என்னன்னு பாக்கத்தான், சும்மா எழுதுங்க" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவள், சும்மாதானே என்று பாதித் தூக்கத்தில் எதையோ தட்டிவிட்டுப் போனாள். படித்துவிட்டு வந்து எழுதலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் செய்த தப்புதான் அது. அந்தச் சும்மா பரீட்சை அவளை அடிப்படைக் கணக்கின் அடிப்படியில் கொண்டுபோய்த் தள்ளியது.

மூன்று படி ஏறினால்தான் பட்டப்படிப்புக் கணக்கு. அதன் பிறகுதான் நர்ஸிங். இந்தப் படிகளில் தேறினாலும் பட்டத்துக்கு மதிப்பெண் ஒன்றும் சேராது. வெர்னா ஒரு படி ஏறுவாள், ஷிஃப்ட் மாறும், நின்றுபோகும். திரும்பி வந்தால், நாளாகிவிட்டது, முதலிலிருந்து வா என்பார்கள். இப்படியே வருஷங்கள் ஓடின.

"என்னடி, இன்னும் அதே கிளாஸா? பேசாம அந்த பெஞ்சுக்கு உன் பேர வச்சிடச் சொல்லு" என்பாள் கூட வேலை செய்யும் ரோண்டா. வெர்னாவும் சிரிப்பாள்.

அந்த வகுப்பை மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எல்லோரையும் நேரே பட்டப்படிப்புக் கணக்கில் சேர்த்து, கூடவே உதவி வகுப்பு வைப்பார்களாம். அப்படிச் செய்தால் நிறையப் பேர் பட்டம் வாங்குவார்களாம். அதை முடிவு செய்யும் கல்லூரி ஆட்சிக் குழுக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம்.

கணக்கு டீச்சர் க்வென் டாலிவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பேசணும் கண்ணு. இந்த கிளாஸ் இல்லாட்டி நீ என்ன ஆகியிருப்பேன்னு சொல்லு, போதும்."

வெர்னா உடனே தலையாட்டினாள். டீச்சர் தங்கமானவர், எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காதவர். ஆனால் உண்மையான காரணம் வேறு. வகுப்பை மூடினால் அடுத்த பருவமே அவள் அந்தப் பெரிய கணக்கில் போய் உட்கார வேண்டும். அந்தப் பயம்தான்.

கூட்டத்தில் ஓர் அதிகாரி எழுந்தார். "அடிப்படியில ஆரம்பிச்சவங்கள்ல பத்துல ஒருத்தர்கூட பட்டம் வாங்கல."

வெர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த லாரிக்காரர் கிளீட்டஸ் எங்கே? இரட்டைக் குழந்தைக்காரி ஜோலீன் எங்கே? ஒருவரும் மிஞ்சவில்லை. தன் மண்டைதான் மக்கு என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பேசத் தொடங்கலாம் என்று மைக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மைக் முன்னால் போய் நின்றாள்.

"இந்த கிளாஸ மூடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள். "என்கூட ஆரம்பிச்சவங்க ஒருத்தரும் இப்ப இல்ல. நான் மட்டும் இருக்கேன். விடாம நிக்கிறேன்னு பெருமையா நெனச்சுக்கிட்டிருந்தேன். நிக்கல. ஒளிஞ்சுக்கிட்டிருந்திருக்கேன்."

டீச்சரின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்ப முடியவில்லை.

"அப்ப மூடிடலாம்னு சொல்றீங்களா, மேடம்?" என்றார் தலைவர்.

"மூடிடுங்க. எனக்கு உயிரே போற மாதிரி பயமா இருக்கு. ஆனா மூடிடுங்க. தொறந்து வச்சா நான் மறுபடியும் அங்கதான் போய் உக்காருவேன்."

ஓட்டெடுத்தார்கள். வகுப்பை மூடுவதென்று முடிவானது.

கார் நிறுத்துமிடத்தில் டீச்சர் அவளுக்காகக் காத்திருந்தார். திட்டப் போகிறார், வாங்கிக்கொள்ளலாம் என்று வெர்னா தலைகுனிந்து நின்றாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் அவளை அணைத்துக்கொண்டு அழுதார்.

"அய்யோ கண்ணு, என்ன காரியம் பண்ணிட்ட! அங்க போனா நீ தேறமாட்டியே."

கோபத்தில் சொல்லவில்லை. பாசத்தில்தான் சொன்னார். இத்தனை வருஷமும், உன்னால் முடியும், உன்னால் முடியும் என்று சொல்லிச் சொல்லிச் சேர்த்துக்கொண்ட அதே வாய்தான். முதல் நாளிலிருந்தே அவர் மனதில் இருந்தது இதுதானா? டீச்சர் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மெதுவாக அவர் பிடியிலிருந்து விலகினாள்.

"தோத்தா தோத்துட்டுப் போறேன், டீச்சர். அங்க ஒரு தடவை தோப்பேன். இங்க வருஷா வருஷம் தோத்துக்கிட்டுதான இருந்தேன்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். வெர்னா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.