தொண்ணூற்றேழாம் நாள் எடுத்த படம்

அழுக்குத் துணி பிரிக்கிற கூடத்தில் அவளுக்குப் பெயர் ஊசியக்கா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் அது. மாடியிலிருந்து இறங்குகிற போர்வை, விரிப்பு, ஆபரேஷன் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். மேலே இருக்கிறவர்கள் அவசரத்தில் ஊசியையும் துணியோடு சுருட்டி அனுப்பிவிடுவார்கள். துணி மெஷினுக்குப் போகும் முன்னால் அதைக் கண்டுபிடிக்கிறது அவள் பாடு.

துணியை அவள் அள்ளவே மாட்டாள். இரண்டு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரே ஒரு உதறு. ஊசி இருக்கிற இடத்தில் துணி நூலளவு இழுத்துக்கொண்டு நிற்கும். மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியாது, அவளுக்குத் தெரியும். இடுக்கியால் எடுத்து மஞ்சள் டப்பாவில் போடுவாள். பதினொரு வருஷத்தில் எத்தனை டப்பா நிரம்பி எரிக்கப் போனதோ, ஒருவரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. கூட இருக்கிற பெண்கள் கேலியாக வைத்த பெயர்தான் அவள் வாங்கிய ஒரே பட்டம்.

புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். சின்ன வயசு, சிரித்த முகம், யாரைப் பார்த்தாலும் அவரே முதலில் வணக்கம் சொல்லுவார். வந்த வாரமே எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

"நல்லா வேல செய்யறவங்களக் கொண்டாடணும்மா. இத்தன வருஷமா இங்க யாரும் அதச் செய்யல. இனிமே நான் செய்வேன்."

சொன்னபடி ஒரு பலகை மாட்டினார். விபத்து இல்லாத நாள் எத்தனை என்று தினமும் காலையில் எண் மாறும். யாருக்காவது ஊசி குத்தினாலோ, சூடு பட்டாலோ, வழுக்கி விழுந்தாலோ பழையபடி பூஜ்யம். நூறு தொட்டுவிட்டால் அத்தனை பேருக்கும் சம்பளத்தோடு மூன்று நாள் லீவு. நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகம் இல்லை. பலகைதான் பொல்லாதது. யார் வந்து மறுத்தாலும் பலகைதான் பொல்லாதது.

நாற்பதாம் நாள் இஸ்திரி உருளையில் ஒருத்திக்கு முழங்கை வெந்தது. முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். எழுபதாம் நாள் ஒருத்தி சோப்புத் தண்ணீரில் விழுந்தாள். வீட்டுப் படியில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள் மற்ற பெண்கள், சொன்னாள். எண் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

அந்த மூன்று நாளுக்காக மற்ற எல்லோரையும்விட ஏங்கிக்கொண்டிருந்தவள் மடிப்புக்காரி. உலர்ந்த துணியை மடித்து அடுக்குகிறவள், ஊசியக்காவுக்கு அடுத்த மேசை. அவள் அம்மா ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் போகிற தூரத்தில் தம்பி வீட்டில் கிடந்தாள்.

"அம்மாவுக்கு ஒவ்வொருத்தரா மறந்துட்டே வருதுக்கா. என் பேரு இன்னும் இருக்காம். அது போறதுக்குள்ள ஒருவாட்டி முகத்தக் காட்டிட்டு வந்துடணும்."

தொண்ணூற்றேழாம் நாள் காலை பதினொரு மணிக்கு மேனேஜர் போனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். நூறாம் நாள் விழாவுக்குப் பெரிய படம் ஒன்று அடிக்க வேண்டுமாம். இருக்கிறவர்களில் மூத்தவள் ஊசியக்கா, அதனால் அவள் படம்தானாம்.

"ஒரு குவியல அப்படியே அணைச்சுப் பிடிச்சு நில்லுங்கம்மா."

"அள்ளக் கூடாது சார். மூலையத்தான் பிடிக்கணும்."

"ஒரே ஒரு நிமிஷம்மா. மூலையப் பிடிச்சா படத்துல நல்லா இருக்காது."

"பெரிய நடிகைதான் போ, ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் வெட்கத்தில் சிரிப்பு வந்தது. பதினொரு வருஷத்தில் ஒரு மேனேஜர் அவள் மேசைக்கு வந்து நின்றது அன்றைக்குத்தான். பிடிவாதக்காரிதான், ஆனால் அந்த நிமிஷம் பிடிவாதம் பிடிக்க மனசு வரவில்லை. அள்ளி நெஞ்சோடு அணைத்தாள்.

"சிரிங்கம்மா."

மணிக்கட்டுக்கு மேலே, கையுறை முடிகிற இடத்தில் சுருக்கென்றது. சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். படம் எடுத்து முடிந்தது.

குழாயடியில் சோப்புப் போட்டு அழுத்தி அழுத்திக் கழுவிக்கொண்டிருந்தபோது மடிப்புக்காரி வந்து நின்றாள். தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்தாள்.

"ஊசியா?"

"ம்."

மடிப்புக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சியிருந்தால்கூட ஊசியக்கா திட்டிவிட்டு நேராக நர்ஸிடம் போயிருப்பாள். அவள் கெஞ்சவில்லை.

"எழுந்திருடி. ஒண்ணும் ஆகல. ஊருக்குப் போய் உங்கம்மாவப் பாரு."

நோயாளி ரத்தம் பட்ட ஊசி குத்தினால் வியாதி ஒட்டாமலிருக்க மூன்று நாளைக்குள் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று வருஷா வருஷம் வந்து நர்ஸ் சொல்லுவாள். ஊசியக்கா விரல் விட்டுப் பார்த்தாள். நூறாம் நாள் விழா காலை பத்து மணிக்கு. அது முடிந்ததும் ஓடினால் மூன்று நாள் நிரம்ப இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர், தையல் மெஷின் பழுது பார்க்கிறவர், வழக்கம்போல பாதி டீ குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். அவள் வாங்கவில்லை. டீயில் ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்தான். ஆனாலும் கை போகவில்லை.

"ஏன், இருபது வருஷம் கழிச்சு என் எச்சில் கசக்குதா?"

"உங்களுது கசக்கல" என்றாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரியும். மிச்சத்தையும் அவரே குடித்தார்.

நூறாம் நாள் கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். சுவர் முழுக்க அவள் படம், துணியை அணைத்துக்கொண்டு ஈயென்று சிரிக்கிறாள். மடிப்புக்காரி பயணப் பையோடு வந்திருந்தாள். பத்து மணிக்கு, பரிசு கொடுக்க வேண்டிய பெரிய அதிகாரி வரவில்லை. வழியில் இருக்கிறாராம். பன்னிரண்டுக்கும் வழியிலேயே இருந்தார். இடையில் இரண்டு தடவை அவள் எழுந்தாள். இரண்டு தடவையும் மேனேஜர் ஓடி வந்து, "நீங்க இல்லாம எப்படிம்மா, இன்னிக்கு நாயகியே நீங்கதானே" என்று உட்காரவைத்தார். அதிகாரி வந்தபோது நாலு மணி. கைகுலுக்கி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் நர்ஸ் அறைக்குப் போனாள்.

"எப்ப குத்துச்சு?"

சொன்னாள். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மூணு நாள் தாண்டிடுச்சேம்மா. அன்னிக்கே வந்திருக்கலாமே, இங்கிருந்து நாப்பது அடிதானே?"

செய்தி கேட்டு மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார். கழுத்தில் இன்னும் விழா மாலை.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல? அந்த நிமிஷமே ஏன் சொல்லல?"

"நீங்க சிரிக்கச் சொன்னீங்க, சார்."

அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பலகையில் பூஜ்யம். விதி விதிதான் என்று மேலிடம் லீவை ரத்து செய்துவிட்டது. பஸ் ஏறப் போன மடிப்புக்காரியைப் போன் பண்ணித் திருப்பி வரவழைத்தார்கள். ஐந்தாம் வாரம் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். மகள் பெயர் அப்போது அவள் நினைவில் இருந்ததா இல்லையா என்று தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து மடிப்புக்காரி ஊசியக்காவோடு பேசுவதில்லை.

மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் வியாதி வந்துவிட்டது தெரிந்தது. அந்த வியாதியின் பெயரைச் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை, அதனால் இங்கேயும் வேண்டாம். ஆயுசுக்கும் மாத்திரை. ஊசி பிரிக்கிற மேசையிலிருந்து எடுத்து, வாசலில் மூட்டைக்குச் சீட்டுக் கட்டுகிற வேலையில் போட்டார்கள். மேனேஜர் அவள் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேணும்மா, எதுவா இருந்தாலும் கேளுங்க" என்றார். அப்படி ஒருவர் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

"அந்தப் படத்த எறக்குங்க. முழங்கை வரைக்கும் வர்ற தடிச்ச கையுறை அஞ்சு ஜோடி வாங்கிக் குடுங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட மூணு தடவ கேட்டுட்டேன்."

படம் அன்றைக்கே இறங்கியது. கையுறை வர ஒரு மாதம் ஆனது. ஐந்து ஜோடியும் ஆம்பிளைக் கை அளவு.

ஊசியக்காவின் பழைய மேசையில் இப்போது நிற்பது மடிப்புக்காரி. ஒரு நாள் மத்தியானம் வாசலுக்கு வந்து, கையுறை மாட்டிய இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை மாதத்துக்கும் சேர்த்து அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"இதப் போட்டா துணியே பிடிக்க வரலக்கா. கழட்டிட்டுத்தான் செய்யறேன்."

ஊசியக்கா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். அந்தக் காலி விரல்களை ஒவ்வொன்றாக மடித்து நூலால் இறுக்கிக் கட்டினாள். பத்து விரலும் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"கழட்டாத. மூலையத்தான் பிடிக்கணும். எவன் வந்து சொன்னாலும் அள்ளாத."