ஐந்து நிமிடம் முந்தும் மணிக்கூடு

சந்தேகம் எனக்கு அப்பா விட்டுப்போன சொத்து. அவருடைய கைமணிக்கூடு காலையில் எப்போதும் ஐந்து நிமிடம் முந்தி நிற்கும். வேலைக்குக் கந்தோருக்குப் போனதும் சரிசெய்வார். மறுநாள் காலை மறுபடி முந்தும். கொட்டாஞ்சேனையிலிருந்து கல்கிசை வரை அவர் ஏறி இறங்காத மணிக்கூட்டுக் கடை இல்லை. பழுது ஒன்றுமில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். உள்ளேயிருந்த நல்ல சாமான்களைக் கழற்றிவிட்டுச் சொல்கிறார்கள் என்பது அப்பாவின் முடிவு.

அவர் காலமானபின் அது நின்றுபோய்க் கிடந்தது. அந்தக் கள்ளனைக் கண்டுபிடிக்கிறேன் என்று நான் கையில் எடுத்தேன். யூரியூப் பார்த்து, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய பழைய மணிக்கூடுகள் சிலவற்றைப் பாழாக்கிப் பழகியபின், ஒருநாள் துணிந்து இதைத் திறந்தேன். எல்லாம் அசல், ஒன்றும் களவு போகவில்லை. காய்ந்த எண்ணெயைத் துடைத்துப் புது எண்ணெய் இட்டேன். ஒரு கிழமை கழற்றாமல் கட்டிப் பார்த்தேன். நேரம் சரியாக இருந்தது. கலியாண வீடுகளுக்குக் கட்டலாம் என்று அலுமாரியில் வைத்தேன்.

அடுத்த கிழமை திறந்து பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பற்றரி இல்லை. கட்டிய கை அசைந்தால்தான் உள்ளே ஸ்பிரிங் முறுகும். கழற்றி வைத்தால் இரண்டு நாள் தாங்காது. யாரோ கட்டுகிறார்கள். போதாததற்கு ஐந்து நிமிடம் முந்தியும் நின்றது.

முதலில் என் கைவேலையைத்தான் சந்தேகித்தேன். ஆனால் பழுதில் முந்துகிற மணிக்கூடு நாளுக்கு நாள் கூடுதலாக முந்தும். இது ஐந்தோடு நின்றுகொண்டது. ஆகவே இது பழுதில்லை, யாரோ ஒருவரின் கைவரிசை.

வெள்ளவத்தை வீட்டில் நானும் அம்மாவும்தான். ஆனால் அக்காவின் கணவர் பக்கத்தில் வேலை செய்வதால் மதியச் சாப்பாட்டுக்கு எங்களிடம் வருவார். நான் அப்போது வேலையில் இருப்பேன். செத்தவீட்டிலேயே அத்தான் சொன்னவர், "மாமா இதை எனக்குத் தாறன் எண்டவர்." பழுதென்று என்னை வெறுக்கவைத்து வாங்கப் பார்க்கிறார் என்று கணக்குப் போட்டேன். அலுமாரிக்கு ஒரு பூட்டுப் போட்டு, திறப்பை அம்மாவிடம் கொடுத்தேன்.

"அத்தான் கேட்டாலும் குடுக்காதேங்கோ."

"ஓம், நான் ஏன் குடுக்கிறன்?" என்றார் அம்மா.

பூட்டு அத்தானின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். வத்தளையிலிருந்து அக்கா போன் எடுத்து, "என்ர மனுசன் உனக்குக் கள்ளனோ?" என்று கத்திவிட்டு வைத்தாள். திறப்பை வாங்கித் திறந்து பார்த்தேன். மணிக்கூடு ஓடியபடியே இருந்தது.

ஒருநாள் தலையிடி என்று நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அப்பாவின் மணிக்கூடு முழங்கைவரை ஏறிக் கிடந்தது.

"அம்மா, நீங்களோ?"

அவர் மறைக்கவில்லை. "கொப்பர் குளிக்கப் போகேக்க கழட்டி வைப்பார். அஞ்சு நிமிசம் தள்ளி விட்டாத்தான் அந்த மனுசன் ரெயினைப் பிடிக்கும். சொன்னாச் சண்டைக்கு வருவார். அதுதான் சொல்லேல்லை."

எத்தனை கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார் அப்பா! எனக்குச் சிரிப்பு வந்தது.

"சரி, இப்ப ஆருக்குத் தள்ளுறீங்கள்?"

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. "விடிஞ்சா என்ர கை அதைத் தேடுது. கொப்பர் மாதிரிச் சரியாக்கிப்போட்டு, திரும்பத் தள்ளுறன். நிண்ட மணிக்கூட்டில என்னத்தைத் தள்ளுறது? அதுதான் ஓடட்டுமெண்டு கட்டியிருக்கிறன்."

அறைக்குப் போய்ப் பூட்டைக் கழற்றினேன். பிறகு அத்தானுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அக்காவுக்கும் எடுத்தேன். அவளும் எடுக்கவில்லை.