முதல் ஸ்லைடில் ஒரு வரி

சென்ற வருடம் சாக்பீஸைக் கீழே வைத்ததிலிருந்து கம்பெனி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில்.

இன்று எங்கள் தீவுத் தலைநகரின் அபர்டீன் பஜாரில் ஒரு ஓட்டல். கப்பல் ரத்தானதும் கொதிக்கிற விருந்தினரை எப்படிச் சமாளிப்பது என்பது பாடம்.

தொடங்கும் முன் மேனேஜர் என் முதல் ஸ்லைடைப் பார்த்தார். 'பன்னிரண்டு வருடம் பள்ளி ஆசிரியை, சௌல்தாரி' என்றிருந்தது.

"மேடம், இந்த லைனை ஹட்டா தீஜியே, எடுத்துடுங்க. மெயின்லேண்ட் ட்ரெயினர்னு சொல்லித்தான் எல்லாரையும் உட்கார வச்சிருக்கேன். ஸ்கூல் டீச்சர்னா மதிக்க மாட்டாங்க."

"சார், சுனாமிக்கு அப்புறம் டென்ட்லதான் க்ளாஸ் எடுத்தேன். நிலநடுக்கத்துல தரை ஆடுறப்பல்லாம் நாற்பது பிள்ளைங்க அலறிக்கிட்டு ஓடும். அத்தனை பேரையும் உட்கார வச்சு, விட்ட இடத்துலருந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வைப்பேன். நீங்க கேட்ட பாடத்தை நான் அங்கதான் படிச்சேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வரியை எடுக்காமலே வகுப்பை நடத்தினேன்.

வீடு வந்து சேர்வதற்குள் மெசேஜ்: "செஷன் பஹுத் அச்சா, மேடம். அடுத்த பேட்சுக்கும் நீங்கதான். அந்த ஒரு லைனை மட்டும் எடுத்துடுங்க."

எடுக்கவில்லை. அந்த வரியின் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கியிருக்கிறேன்.

ஸ்லைடின் படம் கீழே. கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா, இன்னும் பெரிதாக்கட்டுமா?