அப்பாவுக்கு மோகன் வைத்த பேனர்

மோகன் இறந்துவிட்டார். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தாரே, அவர்தான். நேற்று மாலை, கடையிலேயே... மாரடைப்பு.

கேட்டதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

எனக்கு ஃப்ளெக்ஸ் பேனர் என்றாலே ஆகாது. என் வீட்டுச் சுவரை மறைத்துக் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றைக் கழற்றச் சொல்லிச் சண்டை போடப் போய்த்தான் அவர் பழக்கம்.

"கோச்சுக்காதீங்க டீச்சர்மா. செத்தவரு ரெண்டு நாளு ரோட்டப் பாத்துக்கினு நின்னுட்டுப் போவட்டும்" என்றார். சிரித்துவிட்டேன். சண்டை அதோடு முடிந்தது.

பிறகு ஒருநாள் அவரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

என் அப்பா லூர்து, உலகப்போர் சமயத்தில் சரக்குக் கப்பலில் கரி தள்ளும் வேலைக்குப் போனவர். நான் அப்போது அம்மாவின் வயிற்றில். அவர் திரும்பவே இல்லை. கப்பல் மூழ்கியதா, வேறு ஊரில் வேறு குடும்பமா... ஊர் இரண்டாவதைத்தான் நம்பியது.

அம்மா மட்டும் கடைசி வரை தலையில் பூ வைத்துக்கொண்டாள். பின்னால் சிரிப்பார்கள். எனக்குக் கேட்கும்.

என் கணவர் காலமான பிறகு, தனியாக உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். போரில் இறந்த கப்பல் ஊழியர்களின் பெயர்கள் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. எத்தனை தேடியும் அப்பா பெயர் இல்லை.

மோகன் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பேனருக்குக் கேட்பது போலவே கேட்டார். "அண்ணன் தம்பி, மாமன் மச்சான், எல்லார் பேரும் சொல்லுங்க. ஒண்ணு உட்டாலும் சண்டைக்கு வந்துடுவாங்க."

"இது பேனர் இல்லை மோகன்."

"பழக்கம் டீச்சர்மா. சொல்லுங்க."

சொன்னேன். பெரியப்பா அருளப்பன் பெயரைப் போட்டதும் அந்தப் பட்டியலில் வந்தது. தகப்பன் பெயர் எங்கள் தாத்தாவுடையது, ஊர் எங்கள் ஊர். கப்பலோடு மூழ்கி இறந்தார் என்று இருந்தது.

பெரியப்பா எங்கள் வீட்டுக் கட்டிலில், என் கையால் கஞ்சி குடித்து, கிழவராக இறந்தவர்.

"அப்ப இது யாரு?" என்றார் மோகன்.

போருக்கு முன் கப்பலில் இருந்தவர் பெரியப்பாதான். கால் ஒடிந்து வீட்டோடு கிடந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மீதி அன்றுதான் விளங்கியது. அண்ணனின் கப்பல் வேலைச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, அண்ணன் பெயரிலேயே அப்பா கப்பல் ஏறியிருக்கிறார்.

பெரியப்பா கடைசி வரை வாயே திறக்கவில்லை. என்னைக் கான்வென்ட்டில் சேர்த்துப் படிக்க வைத்தார். அம்மா பூ வைக்க உட்கார்ந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஓடிப்போனவர் இல்லை, என் அப்பா.

"டீச்சர்மா, ஒரு பேனர் வெச்சுடலாமா?" என்றார் மோகன்.

சரி என்றேன், நான்! "புறா மட்டும் போடாதே" என்றேன்.

அப்பாவின் ஒரே போட்டோ, முகமெல்லாம் கறை. நாள்கணக்கில் உட்கார்ந்து அந்த முகத்தைத் துடைத்தெடுத்தார் மோகன். "உங்க மூக்குதான் டீச்சர்மா. கோவம் வந்தா வெடைக்குமே, அதே மூக்கு."

கீழே பெரிய எழுத்தில் 'லூர்து'. சொந்தப் பெயர்.

பஜார் முனையில் பேனர் கட்டிய அன்று, சிப்காட் ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்கள் பைக்கை நிறுத்தினார்கள். ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "பாவம்ணா, சின்ன வயசு. எந்த கம்பெனி?"

மோகன் என்னைப் பார்த்தார். "கப்பல் கம்பெனிப்பா."

"ஆக்சிடென்ட்டா?"

"ஆமாம்பா."

அந்தப் பையன் ஒரு நிமிடம் நின்று, கும்பிட்டுவிட்டுப் போனான். அப்பாவுக்காக வெளியார் ஒருவர் வருத்தப்பட்டதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இன்று அதே முனையில் மோகனின் பேனர். வேறு கடையில் அடித்தது. மூலைக்கு மூலை புறா... இருக்கட்டும், அவருக்குப் பிடிக்கும்.

போய் வா மோகன். அங்கே என் அப்பா இருப்பார். அந்த முகம் என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பெண் குழந்தை பிறந்தது என்று சொல்லு.