இசக்கிப்பாண்டி வாங்கிய இங்கிலீஷ் வண்டி

அந்த நாட்களில் பம்பாயில் தமிழ்ப் படம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில்தான் ஓடும். ஊரில் இருப்பது ஒரே ஒரு பிரிண்ட். மாதுங்கா தியேட்டரில் எட்டு மணிக்குத் தொடங்குவார்கள். முதல் ஐந்தாறு ரீல் ஓடி முடிந்ததும் அவற்றைத் தகரப் பெட்டியில் போட்டுச் செம்பூருக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒன்பதேகாலுக்குக் காட்சி. அடுத்த பெட்டிக்காகத் திரும்ப மாதுங்கா வர வேண்டும். எட்டு வருஷமாக அந்தப் படப்பெட்டியைச் சைக்கிளில் கொண்டுபோனவன் இசக்கிப்பாண்டி.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். தாராவியில் குடியிருந்தான். மனைவி பேராச்சி, இரண்டு பெண் பிள்ளைகள். குட்டையான ஆள், ஆனால் தொடை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். வார நாட்களில் விநியோகஸ்தரின் ஆபீசில் போஸ்டர் ஒட்டுவது, பெட்டியை ரயிலில் ஏற்றி இறக்குவது என்று வேலை இருந்தாலும் அவனுக்கு மரியாதை ஞாயிற்றுக்கிழமைதான். செம்பூர் தியேட்டர் வாசலில் அவன் சைக்கிள் தலை தெரிந்ததும், “பெட்டி வந்தாச்சு!” என்று கூட்டம் கத்தும். எட்டு வருஷத்தில் ஒரு படத்தையும் அவன் முழுசாகப் பார்த்ததில்லை. அது அவனுக்கு ஒரு குறையாகவும் பட்டதில்லை.

ஒரே ஒரு தடவை தாமதமானான். மழைக்காலம், சயானில் இடுப்பளவு தண்ணீர். பெட்டியைத் தலையில் வைத்து நடந்தே போய்ச் சேர்ந்தபோது, இருபத்தைந்து நிமிஷமாக வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் நாற்காலிகளை உடைத்திருந்தது. வெளியே வந்த ஒருவன், யாரென்றே தெரியாதவன், இவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். பெட்டி கையில் இருந்ததால் இசக்கிப்பாண்டியால் கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட முடியவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் தீபாவளிக்கு மறுநாள் மானேஜர் ஜகந்நாதன் அவனை ஆபீசுக்குள் கூப்பிட்டார். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர்.

“ஏம்பா இசக்கி, பொங்கல்லேர்ந்து காட்கோபர்லயும் படம் போடறோம். மூணு தியேட்டர், ஒரே பிரிண்ட். இனிமே சைக்கிள் ஆகாது. உங்கிட்ட மோட்டார் வண்டி இருந்தா வேலை உனக்குத்தான். இல்லேன்னா...”

“இல்லன்னா என்னங்கய்யா?”

“செம்பூர்ல நயினார்னு ஒருத்தன் இருக்கான். ராஜ்தூத் வெச்சிருக்கான். அவன் வரேங்கறான். மனசுல வெச்சுக்காதே.”

இசக்கிப்பாண்டிக்கு முப்பத்தைந்து வயது. மோட்டார் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகூடப் பழக்கமில்லை. அன்று சாயங்காலமே நஜிமுதீன் பட்டறைக்குப் போனான். நஜிமுதீன் கடையநல்லூர்க்காரர். மாஹிம் பக்கம் தகரக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர். இவனோடு ஒரே ரயிலில் பம்பாய் வந்து இறங்கியவர்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரு பழைய ராஜ்தூத்தைக் காட்டினார்.

“இத எடுத்துக்கோ. மெதுவாத்தான் போவும், ஆனா போவும். விழுந்தாலும் நீயே தூக்கி நிறுத்திருவ. சாமான் எல்லாக் கடையிலயும் கெடைக்கும்.”

இரண்டு பெட்டியை ஏற்றி, நஜிமுதீன் ஓட்ட, இசக்கிப்பாண்டி பெட்டிகளுக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு சயான் பாலத்தில் ஏறிப் பார்த்தார்கள். பாதி மேட்டில் வண்டி முனக ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு லாரி இவர்களைத் தாண்டிப் போனது.

“மூணு பேரு பாரம்ல. நீ ஒத்தையிலதான போவ” என்றார் நஜிமுதீன்.

இசக்கிப்பாண்டி வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டான். நயினாரிடம் இருப்பதும் இதே வண்டிதான். அதை வாங்கினால் நயினாரைவிடத் தான் எந்த விதத்தில் உசத்தி? அவன் மனதில் அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

ஜாவா புதிது வாங்கப் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டும். பொங்கல் வரைக்கும் அதற்கு நேரமில்லை. புல்லட் ஒன்றில் ஏறி உட்கார்ந்து பார்த்தான். நல்ல வண்டி. ஆனால் பட்டறையில் அதைப் பார்த்த இரண்டு பேர், பால்காரன் வண்டி என்று சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் பாந்த்ராவில் ஒரு கோவாக்காரர் குடும்பத்தோடு ஆப்பிரிக்கா போகிறார், தன் பந்தய வண்டியை வந்த விலைக்குக் கொடுக்கிறார் என்று பேச்சு வந்தது.

இங்கிலாந்தில் செய்த ஐந்நூறு சிசி வண்டி. இரட்டை சிலிண்டர். சிவப்பு டாங்க். கைப்பிடி தாழ்ந்து, ஓட்டுகிறவன் குப்புறப் படுத்த மாதிரி இருக்கும். கோவாக்காரர் ஒரே உதையில் அதைக் கிளப்பினார். சத்தம் இசக்கிப்பாண்டியின் நெஞ்சுக்கூட்டுக்குள் போய் இறங்கியது. அவன் ஏறி உட்கார்ந்தான். இரண்டு கால் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டது.

நஜிமுதீன் அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

“நான் சொல்லுதேன், கேளு. இது ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டுத வண்டி. கியர் வலது கால்ல, பிரேக்கு இடது கால்ல. நீ இருவது வருசமா சைக்கிள் ஓட்டுனவன். ஆபத்துன்னா ஒனக்குக் காலு போவாது, கைதான் போவும். இந்த வண்டியில முன் பிரேக்க மட்டும் புடிச்சா தூக்கி எறிஞ்சிரும்.”

“பழகிக்கிடுவேன் பாய்.”

“சாமானுக்கு எங்க போவ? ஒரு வயரு அறுந்தா வண்டி நின்னுரும்.”

“எட்டு நிமிசத்துல செம்பூர் போயிரலாம்ங்காரு அவரு.”

“அவரு போவாரு. நீ போவியா?”

இசக்கிப்பாண்டி சிவப்பு டாங்கைப் பார்த்துக்கொண்டே நின்றான். கன்னத்தில் விழுந்த அறையைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

செம்பூரில் தண்ணீர்க் குழாயோடு ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள் பேராச்சி. அதற்கென்று சேர்த்த பணம்தான் வண்டிக்குப் போனது. சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“ஒங்களுக்கு ஓட்டத் தெரியுமா?”

“படிச்சிக்கிடலாம்.”

“அப்பம் ரூமு?”

“காட்கோபர் வேலை சேந்துச்சுன்னா அடுத்த வருசம் பாப்போம்.”

அவள் தண்ணீரைக் கீழே வடித்தாள். “வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டிய. எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?” என்றாள்.

மதிய வேளைகளில் வடாலா உப்பளப் பக்கத்து ரோட்டில் பழகினான். உதைத்துக் கிளப்பும்போது கிக்கர் திரும்பி அடித்து முழங்காலுக்குக் கீழே கறுத்துப் போனது. நின்ற இடத்திலேயே ஐந்து தடவை சாய்த்தான். சாய்ந்தால் தனியாகத் தூக்க முடியாது. உப்பு அள்ளுகிறவர்கள் வந்து கைகொடுக்க வேண்டும். ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த வண்டி அவனுக்கு எல்லாவற்றையும் மறக்கடித்துவிடும். மூன்றாவது கியரில் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் புடைக்கும். ஊரை விட்டு வந்தபின் அவன் தனக்காகச் சிரித்தது அந்த ரோட்டில்தான். நஜிமுதீன் ஒவ்வொரு நாளும் வந்து நின்று, “காலு! காலப் போடு! கைய விடு!” என்று கத்துவார். மாதக் கடைசியில் லைசென்சும் கிடைத்தது. பரிசோதகர் முன்னால் மெதுவாக ஒரு வட்டம் அடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்து முதல் ஞாயிறு. முதல் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மாதுங்காவிலிருந்து கிளம்பினான். கிங் சர்க்கிள், சயான், டிராம்பே ரோடு. பெட்ரோல் லாரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டினான். செம்பூர் தியேட்டருக்கு அவன் போனபோது டிக்கெட்டே கொடுத்து முடியவில்லை. ஆபரேட்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “என்னடா, பறந்து வந்தியா?” என்றார். இரண்டாவது பெட்டியும் அப்படியே வந்து சேர்ந்தது. செம்பூரில் ஓடி முடிந்த முதல் பெட்டி காட்கோபர் போய், அங்கேயும் படம் தொடங்கிவிட்டது. வாசலில் நின்ற சிலர் வண்டியைச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார்கள். இசக்கிப்பாண்டி டாங்கைத் துணியால் துடைத்தான், துடைக்கத் தேவையில்லாவிட்டாலும்.

இரண்டாவது பெட்டியோடு அவன் மறுபடி காட்கோபருக்குப் போனபோதுதான் அது நடந்தது. செம்பூர் நாகா சந்திப்பைத் தாண்டி ரோடு திரும்பும் இடத்தில் ஏதோ லாரி எண்ணெய் சிந்தியிருந்தது. பூசணிக்காய் ஏற்றிய கைவண்டி ஒன்று சந்திலிருந்து வெளியே வந்தது. இசக்கிப்பாண்டியின் கை போனது. கால் போகவில்லை.

வண்டி அவன் வலது கணுக்காலின் மேல் விழுந்து அப்படியே பத்துப் பன்னிரண்டு அடி இழுத்துக்கொண்டு போனது. தகரப் பெட்டி வாய் திறந்துகொண்டது. ஆறு ரீல். இரண்டு ரீல் உருண்டு போய்ச் சாக்கடைக்குள் விழுந்தன. மற்றவை பிரிந்து ரோடெல்லாம் பரந்து கிடந்தன. ஒரு பஸ் அவற்றின் மேல் ஏறிப் போனது. ஜனங்கள் வண்டியைத் தூக்கி அவனை வெளியே எடுத்தார்கள். ஓரமாக உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. தவழ்ந்து போய் ஃபிலிமைக் கையால் சுற்ற ஆரம்பித்தான். சுற்றச் சுற்ற மணலும் எண்ணெயும் சேர்ந்து வந்தது. யாரோ ஒருவர் ஒரு முழம் கிழித்து வெயிலுக்கு நேரே பிடித்து, யார் படம் என்று பார்த்தார்.

“அதக் குடுங்க, அது ஓடுத படம்யா!” என்று இசக்கிப்பாண்டி கத்தினான். தமிழில் கத்தினான். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியவில்லை.

காட்கோபரில் அன்று பாதிப் படத்தோடு ஜனங்கள் எழுந்து போனார்கள். நாற்காலி உடைந்ததா என்று அவன் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஜகந்நாதன் வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மோட்டார் வண்டின்னுதானே சொன்னேன். ரேஸ் வண்டின்னு சொல்லலையே இசக்கி.”

“தப்பு எம்மேலதாங்கய்யா.”

“மெட்ராஸ்லேர்ந்து படக் கம்பெனி ஆள் வந்துட்டான். எங்கிட்ட கத்திட்டுப் போறான். நான் என்ன பண்ண?” எழுந்துகொண்டார். “நயினாரை வரச் சொல்லிட்டேன்.”

எலும்பு கோணலாகவே கூடியது. சைக்கிள் பெடலைக்கூட அந்தக் காலால் மிதிக்க முடியவில்லை. நஜிமுதீன் வண்டியின் முன் ஃபோர்க்கை நிமிர்த்தினார். மற்ற சாமான் எங்கும் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் பட்டறையில் கிடந்துவிட்டு, கொலாபாவிலிருந்து வந்த ஒரு பணக்காரப் பையனிடம் அது போனது. அவன் எஞ்சினை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டான். செம்பூர் அறையில் வேறு குடும்பம் வந்துவிட்டது. பேராச்சி அதைப் பற்றி ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. அவள் சொல்லிக்காட்டினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

தாராவியில் ஒரு தோல் கிட்டங்கியில் வேலை கிடைத்தது. உட்கார்ந்துகொண்டே பச்சைத் தோலுக்கு உப்புத் தடவும் வேலை. கையில் எந்நேரமும் வெடிப்பு. உப்புப் பட்டு எரியும்.

அறுபத்தெட்டில் ஒரு நாள் மத்தியானம் நயினார் அங்கே வந்தான். இருவரும் அதுவரை பேசிக்கொண்டதில்லை. நயினார் தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, இப்பம் மூணு தியேட்டருக்கும் மூணு பிரிண்டு அனுப்புறாங்க. பெட்டி தூக்க ஆளு வேண்டாமாம். போன வாரத்தோட நிறுத்திட்டாங்க.”

இசக்கிப்பாண்டி தோலைத் திருப்பிப் போட்டான்.

“ராஜ்தூத்து?”

“வித்தாச்சு. இங்க எதாச்சும் வேலை இருக்குமா அண்ணாச்சி?”

இசக்கிப்பாண்டி நயினாரை மேலும் கீழும் பார்த்தான். அவன் மேல் கோபப்பட வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தான். இப்போது பார்த்தால் கோபம் எதுவும் வரவில்லை.

“காலு நல்லாத்தான இருக்கு. வேலைக்கு எடுப்பாவ” என்றான். “மேஸ்திரிகிட்டச் சொல்லுதேன். வெத்தலை போட இப்பம் வெளிய வருவாரு. அது வரைக்கும் அந்த உப்பு மூட்டைய இங்கன தள்ளு.”

நயினார் குனிந்து மூட்டையைத் தள்ளினான்.