அண்ணனுக்குப் பெட்டி, தம்பிக்கு லேப்டாப், எனக்குக் கேபிள்

என் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டோடு நின்றுவிடுவேன். வேலை தெரிந்தவன். மூன்றாவது வார்த்தைக்கு நீங்கள் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டாத வீட்டுக்குப் படம் போடுவது அவன் தொழில். அலமாரி செய்யும் தச்சர் ஒருவருக்காகச் சமையலறைகளை அளந்து கொடுப்பதில் ஆரம்பித்தான். பிறகு கம்ப்யூட்டரில் அந்த அலமாரியையே வரைந்து காட்டினான். பிறகு முழு வீடு. அஸ்திவாரம்கூடத் தோண்டியிருக்க மாட்டார்கள், இவன் படத்தில் நீங்கள் கதவைத் திறந்து உள்ளே போய், கூடத்தைச் சுற்றிப் பார்த்து, மாடி ஏறி இறங்கி வரலாம். காலை வெயில் எந்த ஜன்னல் வழியாக வந்து தரையில் எங்கே விழும், பளபளக்கும் குழாயில் எதிர்ச் சுவர் எப்படி வளைந்து தெரியும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி.

மனிதர்கள்தான் அவன் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். என் வீட்டுக்காரர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தான். கட்டுப் போட்ட காலைப் பார்க்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்து, இந்த ட்யூப்லைட்டை இங்கே மாட்டினவனை உதைக்க வேண்டும், நிழல் எல்லாம் நோயாளி முகத்தில் விழுகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தம்பி படிப்பை முடித்ததும் அவனோடு சேர்ந்தான். அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. தம்பியின் லேப்டாப் மெலிசானது. பையில் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகத் தோது, ஆனால் இந்த மாதிரிப் படங்களை உருவாக்கும் தெம்பு அதற்குக் கிடையாது. அந்தத் தெம்பு கிராபிக்ஸ் கார்டு என்ற ஒன்றில் இருக்கிறதாம். கார்டை லேப்டாப்புக்குள் நுழைக்க முடியாது என்பதால் தனியாக ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒரே ஒரு கேபிளால் இரண்டையும் இணைப்பார்கள். செருப்பு டப்பாவை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. வேலை செய்யும்போது விசிறி இரைந்துகொண்டே இருக்கும். கேபிளோ ஒரு முழம்கூடத் தேறாது. நீளமானதைப் போட்டால் வேகம் குறையும் என்பான் அண்ணன். அதனால் லேப்டாப்பும் பெட்டியும் ஒட்டி உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அந்தப் பெட்டிக்கு அவன் செய்த உபசாரத்தில் பாதியை அண்ணிக்குச் செய்திருந்தால் அவள் தினமும் என்னிடம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க மாட்டாள். அதற்கென்று தனித் துணி. பக்கத்தில் டம்ளர் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைத் தொடவே கூடாது. கழற்றப்போகிறேன் என்று முதலில் கம்ப்யூட்டரிடம் தெரிவிக்க வேண்டும், அது சரி என்ற பிறகுதான் பிடுங்க வேண்டும். தெரிவிக்காமல் பிடுங்கினால் எல்லாம் உறைந்து நின்றுவிடும். ஒருமுறை தம்பி அவசரத்தில் அப்படிப் பிடுங்கிவிட்டான். கட்டடம் கட்டுகிறவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, 'எடுபிடியை எடுபிடியா வெச்சிருக்கணும்' என்று அண்ணன் சொன்னான்.

பாதிப் படங்களைப் போட்டவன் தம்பி. அன்றோடு கூட்டுத் தொழில் முடிந்தது.

பிரித்துக் கொடுக்க எங்கள் தாய்மாமா வந்தார். நல்ல மனிதர், மிக்ஸியைக்கூடப் பயந்து பயந்து போடுகிறவர். மேசைமேல் இரண்டு சாமான்களைப் பார்த்தார். எதிரே இரண்டு பேரைப் பார்த்தார். அவருக்குக் கணக்கு சுலபமாகிவிட்டது. பெட்டி பெரியவனுக்கு, லேப்டாப் சின்னவனுக்கு. ஒன்று இல்லாமல் இன்னொன்று உருப்படாது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். கடைசியில் கேபிள் மிஞ்சியது. அதற்கு மட்டும் இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள். மாமா அதைச் சுருட்டி என் கையில் வைத்து, சண்டை தீருகிறவரை நீ வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். அண்ணன் வீம்புக்குப் புது லேப்டாப்பும் புதுக் கேபிளும் வாங்கினான். துளை அதே மாதிரி இருந்தது, கேபிளும் கச்சிதமாக உட்கார்ந்தது, பெட்டி மட்டும் உயிர் பெறவில்லை. அந்தத் துளை சார்ஜ் ஏற்ற மட்டும்தானாம். வேலை தெரிந்தவன் ஆத்திரத்தில் அதைப் பார்க்காமல் வாங்கிவிட்டான். குற்றம் கேபிளில்தான் என்று என்னிடம் இருந்ததைக் கேட்டு வந்தான். தம்பியின் லேப்டாப் தனியாகப் படம் போட முயன்று இஸ்திரிப் பெட்டி போலக் கொதித்தது. அவனும் வந்து கேட்டான். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் தருகிறேன் என்று திருப்பி அனுப்பினேன். கூடப் பிறந்தவள் இருக்கிறாள் என்பது கேபிள் வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது என்பதில் எனக்கு வயிற்றெரிச்சல்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது தம்பிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வேறு ஊரில், சினிமாவுக்குக் கிராபிக்ஸ் செய்யும் பெரிய நிறுவனம். நீயே ஓர் அறையை உருவாக்கி, அதற்குள் நடந்து போவது போல ஒரு சின்னப் படம் எடுத்து மறுநாள் காலைக்குள் அனுப்பு, பிடித்தால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். தம்பி ஒரு சலூனை உருவாக்கியிருந்தான். சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு எதிரே சுழல் நாற்காலி, ஷட்டர் இடுக்கில் வரும் காலை வெயில். எல்லாம் தயார். அதைப் படமாக ஓட்டி எடுக்கப் பெட்டி வேண்டும். இந்த ஊரில் பெட்டிக்காக அண்ணனை அண்டிப் பிழைக்கிற வாழ்க்கையிலிருந்து தப்பிக்க அவனுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

நான்தான் போய்க் கேட்டேன். அண்ணன் ரொம்ப நேரம் பிகு பண்ணிவிட்டு ஒப்புக்கொண்டான். பெட்டி அவன் கண்ணைவிட்டு அகலக் கூடாது, என் வீட்டில்தான் வைக்க வேண்டும், வேலை முடிகிறவரை அவனும் பக்கத்திலேயே இருப்பான்.

அப்படியாக என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எலியும் பூனையும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தன. கேபிள் முழ நீளம்கூட இல்லை, தள்ளி உட்கார வழியில்லை. பேச்சு முழுக்க என் வழியாகத்தான். உன் தம்பியிடம் சொல்லு, அந்தப் பிளக் ஆடுகிறது என்பான் ஒருவன். உன் அண்ணனிடம் சொல்லு, அது ஆடவில்லை என்பான் இன்னொருவன். இரண்டு பேர் வாய்க்கும் என் காதுக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருந்திருக்கும். பிளக்கை மாற்றச் சொன்னான் அண்ணன். மாற்றியதும் மேசை சாய்ந்திருக்கிறது என்றான். அட்டையை மடித்து முட்டுக் கொடுத்ததும் பெட்டியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். வேண்டுமென்றேதான் செய்தான், எனக்குத் தெரியாதா? தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தான்.

ஒருவழியாக விசிறி இரைய ஆரம்பித்தது. படம் துண்டு துண்டாகத் திரையில் வந்துகொண்டிருந்தது. தம்பி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அண்ணன் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று நிமிர்ந்தான்.

"நிறுத்துடா. கண்ணாடியில நாற்காலி இல்ல."

பிரிந்த பிறகு அவன் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. தம்பி கண்ணைத் திறக்கக்கூட இல்லை.

"அக்கா, பிளக்கு சரியில்ல, மேசை சரியில்ல, இப்ப நாற்காலி சரியில்லையாம். உன் அண்ணன் என்ன சொன்னாலும் நான் நிறுத்தப்போறதில்ல."

பாருடா, ஒரு தடவை பாருடா என்று அண்ணன் கெஞ்சாத குறைதான். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. தம்பி முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். காலையிலிருந்து அத்தனை வேலை காட்டியவனை எப்படி நம்புவான்?

அண்ணன் கையை நீட்டிக் கேபிளைப் பிடுங்கினான்.

திரை அப்படியே உறைந்தது. தம்பி கத்துவான், அடிப்பான் என்று பயந்து நடுவில் போய் நின்றேன். அவன் எழுந்து லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தான். அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை மாடியிலிருந்து வீசியிருப்பேன். அண்ணன் முந்திக்கொண்டு அதைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"உனக்கு வெட்கமா இல்லையா அண்ணா? அவன் பொழப்பு அது."

"தப்பான படம் என் பெட்டியிலிருந்து வெளிய போகாது" என்றான். அவ்வளவுதான் அவன் வருத்தம்.

தம்பி நேராகப் பையன்கள் துப்பாக்கி விளையாட்டு ஆடும் கேம் சென்டருக்குப் போயிருக்கிறான். அங்கே கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்தக் கிராபிக்ஸ் கார்டு இருக்கும், ஆனால் வெளி ஆள் எதையும் அதில் ஏற்ற விடமாட்டார்கள். முதலாளியின் காலில் விழாத குறையாகக் கேட்டு, இரைச்சலுக்கு நடுவே ஒரு மூலையில் உட்கார்ந்து விடிவதற்குள் படத்தை முடித்து அனுப்பிவிட்டான். வேலை கிடைத்தது. கிளம்பிப் போவதற்கு முன் எனக்கும் அந்தப் படத்தைப் போனில் அனுப்பினான். திறந்து முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தேன். சுழல் நாற்காலி அதில் அழகாகத் தெரிந்தது, முதுகுப் பக்கம் கிழிந்த ரெக்சினோடு.

கூப்பிட்டுக் கேட்டேன். சோதனை ஓட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று நாற்காலியைக் கண்ணாடியில் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தானாம். திரும்பப் போட மறந்துவிட்டானாம். சென்டரில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தானாம்.

"அவர் சொன்னது சரிதான் அக்கா. ஆனா அவர்கிட்ட சொல்லிடாத" என்றான்.

தம்பி ஊரைவிட்டுப் போன பிறகு அண்ணன் வந்தான். வாசலிலேயே நின்றான். வேலை கிடைத்துவிட்டதாமே என்றான். கிடைத்துவிட்டது என்றேன். எங்கே தங்கியிருக்கிறான், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான், என் மேல் இன்னும் கோபமா என்று ஏதாவது ஒன்றைக் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

"கண்ணாடியில நாற்காலி வெச்சானா?" என்றான்.

"இல்ல. அப்படியேதான் அனுப்பினான். அங்க யாரும் கவனிக்கவே இல்லையாம்."

"கவனிக்கலையா?"

"பிரமாதம்னு சொன்னாங்களாம்."

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். தம்பி போனதற்கு மாறாத முகம் இதற்கு மாறியது. எனக்குத் திருப்தியாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம். அலமாரியைத் திறந்து கேபிளை எடுத்து அவன் முன்னால் போட்டேன். அத்தனை நாள் அலைந்து கேட்டதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒருத்தர்கூடவா?" என்றான்.

"ஒருத்தர்கூட" என்றேன்.