கை கழுவும் அறையில் ஒரு நிமிடம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். பேய், சாமி, ஜெபம் எதையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை, இப்போதும் இல்லை. மருந்தை நம்புகிற டாக்டர் நான்.

தொண்ணூற்றேழில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அங்கே ஹெட் நர்ஸ் ரெஜினா சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் கை கழுவும் அறையில் எல்லோரும் ஒரு நிமிடம் கண்மூடி நிற்க வேண்டும், அன்றைக்குப் பார்க்கப்போகிற நோயாளி ஒருவரின் பெயரை மனதுக்குள் சொல்ல வேண்டும். எந்தச் சாமியை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாமாம். நான் மட்டும் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உங்கள் இஷ்டம், நின்றால் போதும் என்பார் சிஸ்டர். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சல்.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றேன். திடீரென்று என் வாய் தானாக "வீராயி" என்றது, சத்தமாக. அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது, வார்டிலும் யாரும் இல்லை. வெட்கமாகிப்போய், யார் முகத்தையும் பார்க்காமல் வார்டுக்கு நடந்துவிட்டேன்.

கடைசிக் கட்டிலில் சித்தையன்கோட்டை லட்சுமி. காலில் சீழ், கடுமையான காய்ச்சல், சேர்த்ததிலிருந்து பேச்சே இல்லை. நான் எழுதிய பெனிசிலினுக்கு டெஸ்ட் டோஸ் போட நர்ஸ் ஊசியோடு குனிந்திருந்தாள். அந்த நேரம் லட்சுமி கண்ணைத் திறந்தாள்.

"இப்ப என்னைய வீராயினு கூப்ட்டது நீங்கதான டாக்டரம்மா?"

நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அது எங்கம்மா வச்ச பேரு. கட்டிக்குடுத்த வீட்லதான் லட்சுமினு மாத்திட்டாக. சின்னதுல இதே ஆஸ்பத்திரிலதான் படுத்துக் கெடந்தேன்."

பழைய கேஸ் ஷீட்டுகளைக் கிளறினோம். வீராயி, ஒன்பது வயது, ஊர் தாடிக்கொம்பு. கீழே சிவப்பு மையில் பெரிதாக: பெனிசிலின் கூடாது, டெஸ்ட் டோஸுக்கே மூச்சு நின்றது. உடனே மருந்தை மாற்றினேன். பிழைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சிஸ்டரிடம் போய், காலையில் சத்தம் போட்டதற்கு மன்னிக்கச் சொன்னேன். அவர் விளங்காமல் பார்த்தார்.

"நீங்க வாயே தெறக்கலையே டாக்டர். நான் பக்கத்துலதான நின்னேன்."

கூட நின்ற இரண்டு நர்ஸுகளும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் நான் சொன்னேன். தொண்டையில் அந்தப் பெயர் அதிர்ந்தது எனக்குத் தெரியும்.

இதற்காக நான் யாரையும் கும்பிடவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாறின பிறகும் ரவுண்ட்ஸுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கிறேன், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்கிறேன்.